பத்துப் பேர் வென்ற டெஸ்ட்: ஹெரால்ட் வாக்ஸ்டாஃபின் ஆட்ட வாழ்க்கை

ரக்பி லீக் ரசிகர்களிடம் பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், 1914 ஜூலை 4 அன்று சிட்னியில் நடந்த டெஸ்ட் கட்டாயம் வந்துவிடும். பிரிட்டன் அணியில் மூன்று பேர் அடிபட்டு வெளியேறினார்கள். மிச்சமிருந்த பத்துப் பேர், ஆஸ்திரேலியாவின் 13 பேரை அரைமணி நேரத்துக்கும் குறையாமல் சமாளித்து, 14–6 என்று ஜெயித்துவிட்டார்கள். அந்த ஆட்டத்துக்கு ஒரு போர்க்களத்தின் பெயரையே சூட்டினார்கள். அன்றிலிருந்து அது நெஞ்சுரத்தின் கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது.

நெஞ்சுரம் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்குக் கேப்டனாக நின்ற ஹெரால்ட் வாக்ஸ்டாஃபின் அதற்கு முந்தைய எட்டு வருஷத்தைப் பார்த்தால், அந்த வெற்றியில் பாதிக்கு மேல் தொழில் என்றுதான் எனக்குப் படுகிறது. காசு வாங்கிக்கொண்டு, வாரா வாரம், ஒரே ஆட்களோடு ஆடி ஆடிக் கைவந்த தொழில். இந்த ஆய்வு அந்தப் பக்கத்தைப் பற்றியது.

கொழும்பிலும் கண்டியிலும் பள்ளி மைதானங்களில் ரக்பி பார்த்து வளர்ந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ஆடப்படுவது 15 பேர் ஆடும் ரக்பி யூனியன். இங்கே பேசப்போவது 13 பேர் ஆடும் ரக்பி லீக். முதலில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. பிரிந்தது காசுத் தகராறில்.

ஆறு ஷில்லிங் தகராறு

வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிகளில் ரக்பி ஆடியவர்களில் பெரும்பாலோர் மில் தொழிலாளர்கள், சுரங்கத் தொழிலாளர்கள். சனிக்கிழமை அரைநாள் வேலை உண்டு. வெளியூரில் ஆட்டம் என்றால் அந்த ஷிப்டை விட்டுவிட்டுத்தான் ரயில் ஏற வேண்டும். கூலி போகும். பார்க்க வரும் ஆயிரக்கணக்கான கூட்டம் வாசலில் காசு கொடுத்துத்தான் உள்ளே வந்தது; அந்தக் காசு கிளப்புக்குப் போனது; ஆடியவனுக்கு மட்டும் நஷ்டம். இழந்த கூலியையாவது கொடுக்க அனுமதியுங்கள் என்று யார்க்‌ஷயர்காரர்கள் 1893-இல் லண்டனில் கூடிய ரக்பி யூனியன் பொதுக்கூட்டத்தில் கேட்டார்கள். 136 பேர் ஆதரித்தார்கள், 282 பேர் எதிர்த்தார்கள். தீர்மானம் தோற்றது.

இரண்டு வருஷம் கழித்து, 1895 ஆகஸ்ட் 29 அன்று, ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்குக் கிளப்கள் கூடி நார்தர்ன் யூனியன் என்ற தனி அமைப்பைத் தொடங்கின. இதுதான் பின்னாளில் ரக்பி லீக் ஆனது. அப்போதுகூடச் சம்பளம் என்ற பேச்சு இல்லை. வேலையை இழந்த நாளுக்கு ஆறு ஷில்லிங் வரை நஷ்டஈடு, அவ்வளவுதான். 1898-இல் வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்க அனுமதித்தார்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு: ஆட்டக்காரருக்கு வேறு ஒரு நிஜமான வேலை இருக்க வேண்டும். மதுக்கடைப் பணியாளர், பில்லியர்ட்ஸ் மேசையில் புள்ளி குறிப்பவர் மாதிரியான வேலைகள் கணக்கில் சேராது. ஆட்டக்காரனுக்காகவே உருவாக்கிய பெயரளவு வேலையாக அது இருந்துவிடக் கூடாது என்ற பயம்! இந்த நிபந்தனையை எடுத்தது 1905-இல்.

அடுத்த வருஷமே இன்னொரு பெரிய மாற்றம். 1906-இல் அணிக்கு 15 பேர் என்பது 13 ஆனது. பந்தோடு ஓடுபவனை மடக்கிப் பிடித்ததும், அதாவது டேக்கிள் ஆனதும், இரண்டு பக்கமும் தோளோடு தோள் முட்டி ஸ்க்ரம் போட்டுப் பந்துக்கு மல்லுக்கட்டுவதற்குப் பதிலாக, பிடிபட்டவன் எழுந்து நின்று பந்தைக் காலடியில் வைத்து ஆட்டத்தைத் தொடரலாம் என்று விதி வந்தது. மைதானத்தில் இடம் கிடைத்தது. பந்து கைமாறும் வேகம் கூடியது. காலால் உதைத்துத் தூரத்தைப் பிடிக்கும் ஆட்டத்தைவிட, கையால் பாஸ் கொடுத்து ஓடும் ஆட்டத்துக்கு மதிப்பு வந்தது.

அந்த முதல் 13 பேர் சீசனில், நவம்பர் மாதம், ஒரு பையன் களம் இறங்கினான்.

ஐந்து தங்கக் காசு

ஹெரால்ட் வாக்ஸ்டாஃப் பிறந்தது 1891 மே 19. ஊர், ஹடர்ஸ்ஃபீல்டுக்குத் தெற்கே ஹோம்ஃபர்த் பக்கத்திலுள்ள அண்டர்பேங்க். சரிவான பள்ளத்தாக்கு, கம்பளி மில்கள், கல் வீடுகள். அண்டர்பேங்க் ரேஞ்சர்ஸ் என்ற உள்ளூர் கிளப் அங்கே உண்டு, இன்றும் இருக்கிறது. ஹடர்ஸ்ஃபீல்ட் கிளப் அவரை ஒப்பந்தம் செய்தபோது கொடுத்தது ஐந்து பவுண்ட், தங்கக் காசுகளாக. 1906 நவம்பர் 10 அன்று பிராம்லி அணிக்கு எதிராக முதல் ஆட்டம். அன்றைக்கு அவர் வயது 15 வருஷம் 175 நாள்.

இந்த ஐந்து பவுண்டை ஒரு சின்ன ஊக்கத்தொகையாகப் பார்த்துக் கடந்துபோகக் கூடாது. காசு வாங்கி ஆடிய ஒருவனுக்கு அன்று ரக்பி யூனியனில் ஆயுள் முழுக்க இடமில்லை. காசே வாங்காமல் நார்தர்ன் யூனியன் அணியில் ஒரே ஒரு ஆட்டம் ஆடினாலும் அதே தண்டனைதான். பதினைந்து வயதில் வாக்ஸ்டாஃப் வாங்கிய காசு, இன்னொரு கதவை நிரந்தரமாகச் சாத்திவிட்டது. அவருக்கு அது பெரிய விஷயமாகப் பட்டிருக்காது என்றே நினைக்கிறேன். அந்தப் பள்ளத்தாக்கில் ரக்பி என்றாலே நார்தர்ன் யூனியன்தான்.

இங்கேதான் அவர் முந்தைய தலைமுறையிலிருந்து வேறுபடுகிறார். அதற்கு முன் பேர் எடுத்தவர்கள் எல்லாம் 15 பேர் ஆட்டத்தில் பழகி, பிறகு புது ஆட்டத்துக்குத் தங்களை மாற்றிக்கொண்டவர்கள். வாக்ஸ்டாஃபுக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை. பெரியவர்களின் ஆட்டத்தில் அவர் பார்த்ததெல்லாம் 13 பேர், பந்து கையில், இடைவெளியைத் தேடும் ஓட்டம்.

17 வயதில் யார்க்‌ஷயர் கவுண்டி அணிக்கு ஆடினார். 1909 ஜனவரி 2 அன்று, முதன்முதலாக இங்கிலாந்து வந்திருந்த ஆஸ்திரேலியர்களுக்கு எதிராக இங்கிலாந்து அணியில் இறங்கினார். வயது 17 வருஷம் 228 நாள். இருபது வயதை ஒட்டி ஹடர்ஸ்ஃபீல்டின் கேப்டன் ஆகிவிட்டார். தன்னைவிடப் பத்து வயது மூத்த முரட்டு ஃபார்வர்டுகளுக்கு மைதானத்தில் உத்தரவு போடும் வேலை அது. வயசுக்கு மரியாதை பார்க்கும் தொழிலாளர் ஊரில் அது சாமான்யமாக நடந்துவிடாது.

ஃபார்ட்டவுன் பள்ளி

ஹடர்ஸ்ஃபீல்டின் மைதானம் ஃபார்ட்டவுன். அங்கே அந்தக் காலத்தில் சேர்ந்த கூட்டத்தைப் பார்த்தால், ஒரு தொழில்முறை கிளப் எதற்காக இருக்கிறது என்பது புரியும்.

ஆல்பர்ட் ரோசன்ஃபெல்ட் 1908–09-இல் ஆஸ்திரேலிய அணியோடு சுற்றுப்பயணம் வந்த குள்ளமான யூதர். ஹடர்ஸ்ஃபீல்டிலேயே தங்கிவிட்டார். 1913–14 சீசனில் அவர் வைத்த 80 ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றுவது) இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனை. பென் குரோனோ வேல்ஸ்காரர். 1910-இல் லண்டன் ட்விக்கன்ஹாமில் முதல் சர்வதேச ரக்பி யூனியன் ஆட்டம் நடந்தபோது, முதல் உதை கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கி வைத்தவர் அவர்தான். அதே வருஷம் காசு வாங்கிக்கொண்டு ஹடர்ஸ்ஃபீல்டுக்கு வந்துவிட்டார். டக்ளஸ் கிளார்க் கம்பர்லாந்துக்காரர், நிலக்கரி மூட்டை தூக்கி உரமேறிய உடம்பு, மல்யுத்தமும் உண்டு. மைதானத்தின் ஓரத்தில், விங்கில், ஸ்டான்லி மூர்ஹவுஸ், வாக்ஸ்டாஃபின் ஜோடி. வாக்ஸ்டாஃப் அவருக்கு உள்பக்கம், சென்டரில், நின்று எதிராளியைத் தன் பக்கம் இழுத்துவிட்டு, பந்தை மூர்ஹவுஸிடம் தள்ளுவார். மூர்ஹவுஸ் ஓடுவார்.

வெளியூரிலிருந்து ஆட்களை வரவழைக்க முடிந்ததே காசு கொடுக்க முடிந்ததால்தான். ஆனால் நட்சத்திரங்களைக் குவித்தால் மட்டும் அணி ஆகிவிடாது, இது எல்லா விளையாட்டிலும் பார்த்ததுதான். ஹடர்ஸ்ஃபீல்ட் வேறு ஒன்றையும் செய்தது. பாஸ் கொடுத்தவன் அதோடு வேலை முடிந்தது என்று நிற்க மாட்டான். தொடர்ந்து ஓடுவான், எதிராளி டேக்கிளுக்கு வரவேண்டிய பாதையில் ‘தற்செயலாக’ இருப்பான், பந்து திரும்பி வந்தால் வாங்கிக்கொள்வான். எதிரணிகள் இதை வழிமறிப்பு என்று கத்தின. நடுவர் ஊதினால் தப்பு, ஊதாவிட்டால் நுட்பம். ஒரு அடி முன்னே பின்னே நகர்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த ஒரு அடியைச் சரியாக வைக்க, ஒரே ஆட்கள் பல சீசன் சேர்ந்து ஆட வேண்டும். வாரம் தவறாமல் ஆடும் தொழில்முறை அணிக்குத்தான் அது முடியும்.

ஃபார்ட்டவுன் ஆட்டத்தில் உதைப்பது குறைவு. பந்தை உதைத்தால் அது எதிராளிக்குக் கொடுத்த மாதிரிதான் என்பது அவர்கள் கணக்கு. வாக்ஸ்டாஃப் 1906 முதல் 1925 வரை ஹடர்ஸ்ஃபீல்டுக்கு 436 ஆட்டம் ஆடி 175 ட்ரை வைத்தார். இது நல்ல எண்ணிக்கை. ஆனால் ரோசன்ஃபெல்ட் அதில் பாதியை ஒரே சீசனில் நெருங்கிவிட்டார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வாக்ஸ்டாஃபின் வேலை ட்ரை வைப்பது அல்ல. அடுத்தவன் ட்ரை வைக்க வழி திறப்பது. ‘சென்டர்களின் இளவரசர்’ என்று அவரை அழைத்தது அதற்காகத்தான்.

சிட்னியில் எட்டு நாள்

1914 சுற்றுப்பயணத்தில் 23 வயது வாக்ஸ்டாஃப் பிரிட்டன் கேப்டன். மேலாளர்களில் ஒருவர் ஹடர்ஸ்ஃபீல்ட் கிளப்பைச் சேர்ந்த ஜான் கிளிஃபோர்ட்.

ஜூன் 27 சனிக்கிழமை முதல் டெஸ்ட்டில் பிரிட்டன் 23–5 என்று சுலபமாக ஜெயித்தது. திங்கட்கிழமையே இரண்டாவது டெஸ்ட், ஆஸ்திரேலியா 12–7. மூன்றாவதை அந்த வாரமே சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று உள்ளூர் அமைப்பு சொன்னது. தொடர் சமநிலையில் நிற்கிறது, கூட்டம் அள்ளும், வசூலுக்கு இதைவிட நல்ல நேரம் வராது. பிரிட்டன் தரப்பில் ஆட்கள் கைகால் கட்டோடு கிடந்தார்கள். கிளிஃபோர்ட் மறுத்தார். விஷயம் தந்தி வழியாக இங்கிலாந்துக்குப் போனது. ஆடித்தான் ஆக வேண்டும் என்று நார்தர்ன் யூனியனிடமிருந்து உத்தரவு வந்தது. எட்டு நாளில் மூன்று டெஸ்ட். இன்றைக்கு எந்த அணி மருத்துவரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார். தொழில்முறை ஆட்டத்தின் இன்னொரு முகம் இது: ஆடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை ஆடுகிறவன் கையில் இல்லை.

ஆட்டத்துக்கு முன் கிளிஃபோர்ட் வீரர்களைக் கூட்டி, இன்று நாட்டுக்காக ஆடுகிறீர்கள் என்ற ரீதியில் பேசினார். அந்தப் பேச்சு எல்லோரையும் உலுக்கிவிட்டதாக வாக்ஸ்டாஃப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பேச்சு அதன் வேலையைச் செய்திருக்கும். நமக்கு வேண்டியது விசில் ஊதிய பிறகு நடந்தது.

சில நிமிடங்களிலேயே விங் ஆட்டக்காரர் ஃபிராங்க் வில்லியம்ஸ் கால் முறுக்கிக்கொண்டார். டக்ளஸ் கிளார்க்குக்கு முதலில் கட்டைவிரல் போனது, துணியைச் சுற்றிக்கொண்டு ஆடினார். அப்புறம் காறை எலும்பே முறிந்துவிட்டது. அதோடும் திரும்பி வந்து ஆடப் பார்த்தார், முடியவில்லை. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சென்டர் பில்லி ஹால் தலையில் அடிபட்டு நினைவு தப்பிப் போனார், தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரர் கிடையாது. ரக்பி லீகில் அது 1960-களில் வந்த வசதி. போனவன் போனவன்தான்.

இடைவேளையில் கணக்கு 9–0, பிரிட்டன் பக்கம். வில்லி டேவிஸின் ஒரு ட்ரைக்கு மூன்று புள்ளி, ஆல்ஃப் வுட் கம்பத்துக்கு நடுவே உதைத்த மூன்று கோலுக்கு ஆறு. அதாவது ஆள் முழுசாகவும் பாதியுமாக இருந்தபோது சேர்த்த சேமிப்பு அது. இனி வேண்டியது காப்பாற்றுவது.

ஆளைக் கூட்டிக் கழித்த விதம்

ரக்பி லீக் அணியில் ஆறு ஃபார்வர்டுகள், ஏழு பேக்குகள். ஃபார்வர்டுகள் ஸ்க்ரமில் முட்டி பந்தை வென்று கொடுப்பவர்கள். பேக்குகள் பின்னால் விரிந்து நின்று ஓடுகிறவர்கள், எதிரணி ஓடிவந்தால் மடக்குகிறவர்கள்.

அன்று பிரிட்டன் இழந்தது ஒரு ஃபார்வர்டையும் இரண்டு பேக்குகளையும். மிச்சம் ஐந்து ஃபார்வர்டு, ஐந்து பேக். இந்த இடத்தில் வழக்கமான யோசனை, ஸ்க்ரமில் ஐந்து பேரை விட்டுவைப்பதுதான். ஆறுக்கு ஐந்து என்றால் பந்துக்காகப் போராடவாவது செய்யலாம். வாக்ஸ்டாஃப் அதைச் செய்யவில்லை. சிக் ஜான்சன் என்ற விட்னஸ் கிளப் ஃபார்வர்டை ஸ்க்ரமிலிருந்து பிடுங்கி விங்கில் நிறுத்தினார். ஸ்க்ரமில் நான்கே பேர்: ஹாலண்ட், கோல்ட்ரிக், சில்காட், ராம்ஸ்டேல். எதிரே ஆறு பேர்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது தற்கொலை. நான்கு பேர் ஆறு பேரிடம் ஸ்க்ரமில் பந்தை வெல்வது அபூர்வம். ஆனால் ஐந்து பேர் இருந்திருந்தாலும் பெரும்பாலான பந்து ஆஸ்திரேலியாவுக்குத்தான் போயிருக்கும். தோற்கப்போகிற இடத்தில் எதற்கு ஒரு ஆளைக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும்? அந்த ஆள் விங்கில் நின்றால் தற்காப்பு வரிசையில் ஓட்டை அடைபடும். ஆறு பேக் என்பது கிட்டத்தட்ட முழு வரிசை. ஆஸ்திரேலியா பந்தை வென்று வென்று கொண்டுவந்தாலும், எதிரே ஒரு ஆள் நிற்கிறான். நான்கு ஃபார்வர்டுகளும் ஸ்க்ரம் முடிந்த கையோடு எழுந்து ஓடி டேக்கிள் செய்ய வேண்டும், அந்தச் சுமையை அவர்கள் தலையில் ஏற்றினார். கோப்பை வாங்கிய கேப்டனைப் படம் எடுக்கிறார்கள், அந்த நான்கு பேர் பெயர் பலருக்குத் தெரியாது. அன்றைய வெற்றியின் பெருமையில் பெரும்பங்கு அவர்களுக்குத்தான் என்பேன்.

விதியும் கொஞ்சம் ஒத்துழைத்தது. இப்போது ஒரு அணி ஆறு டேக்கிளுக்குள் பந்தை விட்டுக்கொடுத்தாக வேண்டும். அன்று அப்படி வரம்பே இல்லை, அது 1966-இல்தான் வந்தது. ஆக, பந்து ஒருமுறை கைக்கு வந்தால் அதை விடாமல் வைத்துக்கொண்டு, பிடிபட்டு எழுந்து, மறுபடி பிடிபட்டு, நேரத்தைத் தின்னலாம். உதைத்துத் தொலைக்காமல் பந்தைக் கையிலேயே வைத்திருக்கும் ஃபார்ட்டவுன் பழக்கம் ஆள் குறைந்த அணிக்கு இவ்வளவு உதவும் என்று யாரும் திட்டம் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் உதவியது.

அப்புறம் அந்த ட்ரை. வாக்ஸ்டாஃப் நடுவில் ஒரு இடைவெளியைப் பிளந்து ஓடினார். தற்காப்பைத் தன் பக்கம் இழுத்தார். பந்தை ஓரத்தில் ஓடிவந்த ஜான்சனிடம் கொடுத்தார். ஃபார்ட்டவுனில் மூர்ஹவுஸுக்குச் சனிக்கிழமை தோறும் செய்தது எதுவோ, அதையேதான் இங்கேயும் செய்தார், வாங்கியவர் மட்டும் மூர்ஹவுஸ் இல்லை. ஜான்சனுக்கு முன்னால் வெகுதூரம் கிடந்தது. விங் ஆட்டக்காரன் மாதிரிப் பந்தை அணைத்துக்கொண்டு ஓடும் வேகம் அவருக்கு இல்லை. அவர் பந்தைக் கீழே போட்டுக் காலால் தட்டிக்கொண்டே ஓடினார். ஆடத் தெரிந்த எந்த வடக்கத்து ஃபார்வர்டுக்கும் அந்தக் கால் வித்தை தண்ணீர் பட்டபாடு. கையில் பந்து இல்லாதவனை டேக்கிள் செய்ய முடியாது. பந்தைத்தான் பிடிக்க வேண்டும். உருண்டோடும் முட்டை வடிவப் பந்து எந்தப் பக்கம் குதிக்கும் என்பது யாருக்கும் தெரியாது. கோட்டைத் தாண்டியதும் ஜான்சன் அதன்மேல் விழுந்தார். ட்ரைக்குப் பின் கிடைக்கும் உதையை ஆல்ஃப் வுட் கோலாக மாற்றினார். 14–0.

அதன்பின் ஆஸ்திரேலியா இரண்டு ட்ரை வைத்தது. ஒன்று கேப்டன் சிட் டீனுடையது. மற்றொன்று வாலி மெசெஞ்சருடையது, அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஆஸ்திரேலிய நட்சத்திரம் டாலி மெசெஞ்சரின் தம்பி. இரண்டையும் கோலாக மாற்ற முடியவில்லை. 14–6. பில்லி ஹால் கடைசிக் கட்டத்தில் தட்டுத்தடுமாறித் திரும்பி வந்து நின்றார்.

இரண்டு பக்கமும் தலா இரண்டு ட்ரை. வித்தியாசம் முழுக்க ஆல்ஃப் வுட்டின் நான்கு கோல். வீரக் கதையாகச் சொல்லும்போது இந்தச் சாதாரணக் கணக்கு காணாமல் போய்விடுகிறது.

ஆட்டத்துக்கு ‘ரோர்க்ஸ் டிரிஃப்ட்’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. 1879-இல் தென்னாப்பிரிக்காவில் சுமார் 150 பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கான ஜூலுக்களைத் தடுத்து நின்ற இடம் அது. சாம்ராஜ்யப் பெருமிதத்தில் வைத்த பெயர், எனக்கு அது பொருந்துவதாகவே படவில்லை. எதிரே நின்ற ஆஸ்திரேலியர்களும் அதே நார்தர்ன் யூனியன் விதிகளை நம்பி, அதே மாதிரி ரக்பி யூனியனிலிருந்து விரட்டப்பட்ட தொழிலாளர்கள்தான்.

போர் வந்தபோது

பிரிட்டன் அணி அங்கிருந்து நியூசிலாந்து போய், ஆகஸ்ட் 1 அன்று ஆக்லாந்தில் டெஸ்ட் ஆடி 16–13 என்று ஜெயித்தது. மூன்று நாளில் முதல் உலகப் போர் அறிவிப்பு.

நார்தர்ன் யூனியன் 1914–15 சீசனை நிறுத்தவில்லை. அந்த சீசனில் ஹடர்ஸ்ஃபீல்ட் யார்க்‌ஷயர் கோப்பை, யார்க்‌ஷயர் லீக், சேலஞ்ச் கோப்பை, சாம்பியன்ஷிப் என நான்கையும் வென்றது. அதற்கு முன் அதைச் செய்தது 1907–08-இல் ஹன்ஸ்லெட் மட்டும்தான். சாம்பியன்ஷிப் இறுதியில் லீட்ஸை 35–2, சேலஞ்ச் கோப்பை இறுதியில் செயின்ட் ஹெலன்ஸை 37–3. அந்த செயின்ட் ஹெலன்ஸ் வீரர்கள் பணம் தொடர்பான சண்டையில் களம் இறங்கவே மறுக்கப் பார்த்தார்கள், கேப்டன் சமாதானப்படுத்தித்தான் இறக்கினார். கோப்பை இறுதி ஆட்டம்கூடக் கூலிப் பிரச்சினையிலிருந்து தப்பவில்லை.

பிறகு தொழில்முறை ஆட்டம் நிறுத்தப்பட்டது. வாக்ஸ்டாஃப் ராணுவத்தின் சப்ளை பிரிவில், லண்டன் குரோவ் பார்க்கிலிருந்த மோட்டார் வாகனத் தளத்தில் சேர்ந்தார். கிளார்க், குரோனோ, ரோசன்ஃபெல்டும் அதே பிரிவு. ராணுவ அணிகளில் மட்டும், போர்க்காலத்துக்கு மட்டும், நார்தர்ன் யூனியன் ஆட்களோடு ஆடலாம் என்று ரக்பி யூனியன் இறங்கிவந்தது. ஆயுள் தடை பெற்றவர்கள் 15 பேர் ரக்பி ஆட ஆரம்பித்தார்கள். 1916–17 சீசனில் குரோவ் பார்க் அணி ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தோற்றது. லண்டன்காரர்கள் அதுவரை பார்க்காத வேகத்தில் பந்து கைமாறியது. ‘காசு வாங்குபவன் ஆட்டத்தைக் கெடுப்பான்’ என்று இருபது வருஷமாகச் சொல்லிவந்தவர்கள் கண்முன்னே இது நடந்தது. போர் முடிந்ததும் தடை பழையபடி திரும்பியது. நன்றி சொல்லக்கூட அவகாசம் எடுத்துக்கொள்ளவில்லை.

1914-இல் ஆஸ்திரேலியா போன அணியில் மூன்று பேர் 1916-இல் போரில் இறந்தார்கள்: ரோச்டேலின் வால்டர் ரோமன், லீட்ஸின் பில்லி ஜார்மன், ஹடர்ஸ்ஃபீல்டின் ஃபிரெட் லாங்ஸ்டாஃப். டக்ளஸ் கிளார்க் போர்முனையில் விஷவாயுவும் குண்டுக் காயமும் பட்டு, ராணுவப் பதக்கத்தோடு திரும்பினார். மறுபடியும் ரக்பி ஆடினார், மல்யுத்தமும் ஆடினார். அந்த மனிதருக்கே தனியாக ஒரு ஆய்வு எழுதலாம்.

பிறகு

1919–20 சீசனில் ஹடர்ஸ்ஃபீல்ட் மறுபடியும் நான்கு கோப்பையை நெருங்கியது. மூன்று கிடைத்துவிட்டது. சாம்பியன்ஷிப் இறுதியில் ஹல் அணியிடம் 3–2 என்று தோற்றது. அந்த ஆட்டத்தில் வாக்ஸ்டாஃப், கிளார்க், குரோனோ உள்ளிட்ட ஐந்து பேர் இல்லை. ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்காக அவர்கள் ஏற்கெனவே கிளம்பியிருந்தார்கள். கிளப்பும் நாடும் ஒரே ஆளை ஒரே நேரத்தில் கேட்டால் யாருக்கு என்ற தலைவலி அப்போதே தொடங்கிவிட்டது. அந்த 1920 சுற்றுப்பயணத்திலும் வாக்ஸ்டாஃப்தான் கேப்டன். ஆஸ்திரேலியாவிடம் தொடர் 2–1 என்று போனது. 1921–22-இல் ஆஸ்திரேலியர்கள் இங்கிலாந்து வந்தபோது பிரிட்டன் ஆஷஸை, அதாவது இந்த இரண்டு நாட்டு டெஸ்ட் தொடரின் பட்டத்தை, மீட்டது, வாக்ஸ்டாஃப் அந்தத் தொடரோடு டெஸ்ட் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். கிளப் ஆட்டத்தை 1925 வரை இழுத்தார். பதினெட்டு வருஷத்துக்கு மேல் ஒரே கிளப்.

அந்தப் பதினெட்டு வருஷத்தில் அவர் பணக்காரர் ஆகவில்லை. அன்றைய தொழில்முறை என்பது ஒரு கூலிக்காரனுக்கு இரண்டாவது கூலி, அவ்வளவுதான். உடம்பு நின்றதும் அதுவும் நின்றுவிடும். பேர் இருக்கும்போதே அதை வைத்து ஏதாவது செய்துகொள்ள வேண்டும். அன்றைய வடக்கத்து ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்த வழி மதுவிடுதி நடத்துவது. பழைய ஆட்டக்காரர் கவுண்டரில் நிற்கிறார் என்றால் ஆள் வருவார்கள். வாக்ஸ்டாஃபும் அதையே செய்தார். மதுக்கடையில் வேலை பார்ப்பவன் ஆடவே கூடாது என்று 1898-இல் விதி போட்ட அதே ஆட்டத்தின் மிகப் பெரிய கேப்டன், ஹடர்ஸ்ஃபீல்டில் மதுவிடுதி நடத்தினார். பத்திரிகைக்கும் தன் ஆட்ட நினைவுகளை எழுதினார். சிட்னி டெஸ்ட் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் கணிசமான பகுதி அப்படி வந்ததுதான். கேப்டனே சொன்ன கதை என்பதையும் மனசில் வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

1939 ஜூலை 19 அன்று இறந்தார், 48 வயது. 1988-இல் பிரிட்டிஷ் ரக்பி லீக் தன் புகழ் மண்டபத்தைத் தொடங்கியபோது முதலில் சேர்த்த ஒன்பது பேரில் வாக்ஸ்டாஃபும் ரோசன்ஃபெல்டும் இருந்தார்கள். காறை எலும்பு முறிந்தும் களத்துக்குத் திரும்பப் பார்த்த டக்ளஸ் கிளார்க்கின் பெயர் அந்த முதல் பட்டியலில் இல்லை, அவரைப் பிறகுதான் சேர்த்தார்கள்.